கருப்பு பொறுக்குகிற அக்கா

ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை அள்ளி உள்ளங்கையில் பரப்புவார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "இருக்கு" என்பார். அவ்வளவுதான் தீர்ப்பு. என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை வராது. மூட்டை தைக்கிறவர் தலையைச் சொறிந்துகொண்டே அந்தக் கைப்பிடியைத் தாம்பாளத்தில் கொட்டித் தேடுவார். கடைசியில் ஏதோ ஒரு மணியின் இடுப்பில் மரவள்ளிக் கிழங்குத் தோலின் துணுக்கு ஒன்று, ஊசிமுனை அளவுக்கு, ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையில் அதற்குப் பெயர் கருப்பு. வடக்கே வாங்குகிறவர்களுக்கு ஜவ்வரிசி மல்லிகை மொட்டு மாதிரி இருக்க வேண்டும். கருப்பு விழுந்த மூட்டை போன லாரியிலேயே திரும்பி வந்துவிடும்.

ராசிபுரம் போகிற சாலையில் இருந்தது அந்த ஆலை. சேலம் கடைவீதியில் 'ஆலைக்கார அக்கா' என்றால் அவர் ஒருவர்தான், அதனால் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆலையை நடத்தியது அக்கா. வீட்டுக்காரர் சொந்த லாரியைத் தானே ஓட்டினார். வீட்டுக்குள் இருப்பதைவிட நெடுஞ்சாலை பாதுகாப்பானது என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்ட மனிதர்.

அக்காவுக்குக் கருப்பு ஜவ்வரிசியில் மட்டும் தெரியவில்லை. டீயில் தெரியும், வெள்ளையடித்த சுவரில் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் தெரியும். என் மீசையிலும் தெரிந்தது. நான் அப்போது பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, வேலை என்னைத் தேடி வரட்டும் என்று பெரிய மனதோடு காத்திருந்த காலம். பெல்பாட்டம் பேன்ட், காது மறைக்கிற முடி, ஊரே நம்மைத்தான் பார்க்கிறது என்ற நினைப்பு. முதல் சந்திப்பிலேயே என் மூஞ்சியை ஜவ்வரிசி மாதிரி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடது பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்குதுங் தம்பி" என்றார். ஒரு வாரம் கண்ணாடியும் கையுமாக இருந்தேன். கம்மியாகத்தான் இருந்தது.

அந்தச் சந்திப்பு நடந்தது காதர் கடையில். காதர் என் கல்லூரித் தோழன். அவனுடைய அத்தா பூட்டு, கீல், ஆணி விற்கிற கடையில் ஒரு மூலையைத் தடுத்துக் கொடுத்திருந்தார். அதில் ஒரு தட்டு சுழலும் மேசை, ஒரு கேசட் டெக், சுவர் முழுக்க இசைத்தட்டு. நீங்கள் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றித் தருவான். அப்போது தெருவுக்குத் தெரு இப்படிக் கடை உண்டு. ஆனால் காதர் கேசட்டுக்கு மட்டும் தனி மவுசு, காரணம் அவன் விரல். பாட்டு ஏறும்போது சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். கீறலில் 'டக்' என்று ஒரு சத்தம் வரப்போகிறது என்றால் அது வருவதற்குள் திருகு இறங்கி ஏறியிருக்கும். ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், எந்த இடத்தில் டக் வரும் என்பது அவன் விரலுக்கு மனப்பாடம். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற மாதிரிதான் நமக்குக் கேட்கும்.

அப்பேர்ப்பட்ட காதரின் கேசட்டைத்தான் அக்கா திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பாட்டுல கருப்பு இருக்குது சாமி."

காதர் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் மீசையைத் தடவினேன். கரகரப்பைச் சொல்கிறார் என்று புரிந்ததும் காதர், தட்டு பழசு, தேய்ந்துபோனது, அல்லா வந்தாலும் அவ்வளவுதான் வரும் என்று விளக்கினான்.

"தட்டு புதுசா இருந்தா நானே ஏத்திக்க மாட்டனா, நீ எதுக்கு?" என்றார் அக்கா.

அந்தக் கேசட்டில் ஏற்ற அவர் முன்பு கொண்டுவந்து கொடுத்திருந்தது ஒரு சின்னத் தட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. அவர் ஊர் மலைக்கோயில் சாமி மேல் பெண்கள் பாடுகிற கும்மிப்பாட்டு. அக்கா பாவாடை தாவணி போட்டிருந்த காலத்தில் மெட்ராஸ் கம்பெனி ஒன்று ஊர்ப் பெண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதிவு செய்தது. உறையில் 'ஊர்ப் பெண்கள் குழுவினர்' என்பதோடு சரி. கும்மி முழுக்க எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். கடைசிச் சரணத்தில் மட்டும் கும்மி நின்று, ஒரு பெண் குரல் தனியாக ஒரே ஒரு வரி பாடுகிறது. திருவிழாதோறும் மலையடிவாரத்தில் இந்தத் தட்டுதான் முதலில் ஒலிக்கும். கற்பூரப் புகை, எண்ணெய்க் கை, புழுதி எல்லாம் பள்ளத்தில் இறங்கி, அந்த வரி வருகிற இடத்தில் அடுப்பில் சோளம் பொரிகிற சத்தம்தான் கேட்டது.

அந்த வரியைப் பாடியது யார் என்பதுதான் சண்டை.

எதிர்க்கட்சி அக்காவின் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா. அவரும் அதே லாரியில் போனவர். மெட்ராஸில் கும்மியைப் பதிவு செய்தபின், கண்ணாடி அறைக்குள் இருந்த ஆள் மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு இந்த இருவரை மட்டும் நிறுத்தியிருக்கிறான். இருவரும் அந்த வரியைத் தனித்தனியே பாடியிருக்கிறார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டான், இன்னொன்றை விட்டுவிட்டான். எதை என்று சொல்லவில்லை. இருவருக்கும் வயசுக் குரல், ஒரே ஊர் ராகம். தட்டு ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து இருவரும் "அது நான்தான்" என்று நிற்கிறார்கள். இடையில் அக்கா அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனது விதியின் குறும்பு.

நங்கையாவை நான் ஆலை வீட்டில் பார்த்தேன். அக்கா டீ கொண்டுவர உள்ளே போன நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வெல்லம் மாதிரி.

"உள்ள போறதுக்கு முன்னாடியே அந்த ஆளு சொல்லிட்டானுங் தம்பி, கண்ணாடி வளையல் போடக்கூடாது, மைக்கு புடிச்சுக்கும்னு. அத்தனை பேரும் கழட்டி ஒரு சொம்புல போட்டோம். இவ மட்டும் கழட்ட மாட்டேன்னுட்டா. தேர் நோம்பிக் கடையில அவங்கப்பன் வாங்கிக் குடுத்ததாம், கழட்டுனா ஒடைஞ்சுபோயிருமாம். வளையல் சத்தம் கேட்டா அந்தப் பாட்டையா தட்டுல போடுவான்? நீங்க படிச்சவிங்க, சொல்லுங்."

நியாயமாகத்தான் பட்டது. டீயோடு வந்த அக்கா காதில் இது விழாமல் இல்லை. டீயைக் கொடுத்துவிட்டு நங்கையாவின் டம்ளரை மட்டும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக் கொடுத்தார். அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னாலும் "ஆமாங்க்", நங்கையா சொன்னாலும் "ஆமாங்க்கா". இத்தனை வருடம் அவர் உயிரோடு இருந்த ரகசியம் அதுதான்.

வீட்டுச் சண்டையாகவே ஓடியிருக்கும். ஆனால் அந்த வருடம் மலைக்கோயில் கும்பாபிஷேகம் வந்தது. திருப்பணிக் குழு ஒரு முடிவு எடுத்தது: ஊர்ப் பெயரைத் தட்டில் ஏற்றிய பெண்களில், அந்தத் தனி வரி பாடியவருக்குக் கோயில் மாலையும் பட்டும். யார் என்று கேட்டார்கள். நங்கையா மூத்தவர், பேச்சுக்காரர். மாலை அவருக்கு என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அக்கா குழுத் தலைவரிடம் போய், தட்டைச் சுத்தம் செய்து கொண்டுவருகிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நேராகக் காதர் கடைக்கு வந்திருந்தார்.

"அது நங்கையா கொரலுன்னா நானே முன்னாடி நின்னு மாலையை எடுத்துக் குடுத்துட்டு வாரேன். ஆனா தெரியாமயே குடுக்கறதுக்கு நான் ஆளில்ல" என்றார்.

காதர் துடைத்துப் பார்த்தான். சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் போயிற்று. பள்ளத்தின் அடியில் இறுகியது அசையவில்லை. துணி மேலே ஓடுகிறது, அழுக்கு கீழே கிடக்கிறது. அக்கா தட்டைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், மாவுத் தொட்டியைக் கழுவாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று. எனக்கு எப்படித் தெரியும். தொட்டிச் சுவரில் ஒட்டிய கிழங்குப்பால் காய்ந்து, தொட்டியின் தூசி தும்பையெல்லாம் பிடித்துக்கொண்டு ஏடாக உரிந்து வருமாம்.

அடுத்த வாரம் முழுக்க ஆலை ஆராய்ச்சிக்கூடம் ஆகிவிட்டது. கிழங்கு மாவைக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, காதரிடமிருந்த ஒரு உதவாத தட்டின் மேல் பூசினோம். அப்புறம் என்ன செய்வது? ஆலையில் பிறந்த எதையும் என்ன செய்வார்களோ அதையே ஆலைப் பெண்கள் செய்தார்கள். தட்டைக் கொண்டுபோய் வெயில் களத்தில் ஜவ்வரிசியோடு ஜவ்வரிசியாகக் காயப் போட்டார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை, எனக்கும்தான். மதியம் போய்ப் பார்த்தால் தட்டு பொரித்த அப்பளம் மாதிரி நான்கு பக்கமும் எழும்பி நிற்கிறது. காதர் அதைக் கையில் எடுத்து, "இதுல ரசம் ஊத்திக் குடிக்கலாம்க்கா" என்றான்.

"குடி. அடுத்த தட்டை எடு" என்றார் அக்கா.

இரண்டாவதை நிழலில் வைத்தோம். தட்டு தப்பித்தது. கஞ்சி ஏரிச் சேறு மாதிரி வெடித்துச் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. அங்கேதான் நம் பி.எஸ்ஸி. விழித்துக்கொண்டது. மாவுச்சத்து காய்ந்தால் மொறுமொறுப்பாகும், அதில் கிளிசரின் சேர்த்தால் வளையும். மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி ஓடினேன். அக்கா அதை முகர்ந்து, தொட்டு, நக்கிப் பார்த்துவிட்டுத்தான் கஞ்சியில் விட்டார். இந்தமுறை தோல் மாதிரி வந்தது. ஆனால் உரிக்கும்போது நடுவில் கிழிந்தது. என் படிப்பு அத்தோடு தீர்ந்தது. வாசலில் நின்ற ஆலைப் பெண்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, வடகத்தைத் துணியில்லாமல் பிழிந்தால் அப்படித்தான் என்றார்.

அக்கா கை சட்டென்று நின்றது. உள்ளே போய் மல் துணி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஈரக் கஞ்சியின் மேல் துணியை விரித்து ஒற்றினார். நிழலில் காய்ந்ததும் துணியின் முதுகில் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். துணியோடு கஞ்சித்தோல் முழுசாக எழும்பி வந்தது. அதில் தட்டின் கோடுகள் அத்தனையும் ரேகை மாதிரி அச்சாகியிருந்தன. அக்கா அதை ஜன்னலில் பிடித்தார். வெள்ளைத் தோலில் மிளகுத்தூள் தூவியது போல் கருப்பு.

"இருக்கு" என்றார். அந்த ஒரு தடவைதான் அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் கேட்டேன்.

அப்புறம்தான் உண்மையான தட்டு. எண்ணெய் போகக் கழுவி, கஞ்சி பூசி, துணி போட்டு உரித்தோம். கருங்கூந்தல் மாதிரி மின்னியது.

காதர் ஞாயிற்றுக்கிழமை காலை கேசட்டில் ஏற்றினான். பக்கத்துப் பட்டறைக்கு விடுமுறை, தகரம் தட்டுகிற சத்தம் இருக்காது. மின்விசிறியை நிறுத்தினான். 'ஊம்' என்கிற இரைச்சல் வராமலிருக்க ஒரு கம்பியை இழுத்து ஈர மணல் தொட்டியில் புதைத்தான். என்னைக் கடைக்கு வெளியே நிறுத்திவிட்டான். ஹாரன் அடிக்கிறவன், வடை விற்கிறவன், ஆணி கேட்டு வருகிறவன் எல்லோரையும் சைகையால் விரட்டுவது என் பொறுப்பு. ஊரில் பாதிப் பேர் என்னை அன்றுதான் பைத்தியம் என்று முடிவு செய்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

அக்கா லாரியில் வந்து இறங்கினார். வீட்டுக்காரர் கீழே இறங்கவில்லை. காதர் கேசட்டைப் போட்டான். பளிங்கு. கைத்தட்டல் ஒவ்வொன்றும் நம் முன்னால் விழுகிறது. கும்மி நின்றது. அந்தக் குரல் வந்தது, ஓடைத் தண்ணீர் மாதிரி ஒரு வரி, தூசி துரும்பு இல்லாமல். எனக்குச் சிலிர்த்தது. அக்காவைப் பார்த்தேன். முகம் விழுந்துவிட்டிருந்தது.

"மறுக்காப் போடு."

மறுபடி போட்டான். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "சுத்தமா இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு யாரும் வாங்கியதில்லை. ஆனால் அதைச் சொன்ன குரல், திரும்பி வந்த மூட்டையைப் பார்க்கிறவர் குரல். எழுந்து கேசட்டைப் பைக்குள் போட்டார். நங்கையாவுக்கு மாலை எடுத்துக் கொடுக்கப் போகிறார் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

படி இறங்கப் போனவர் திரும்பினார். மாவாலை புத்தி, விடுமா.

"ஏஞ்சாமி, அந்த வரியில ஒரு கருப்புகூட இல்லாமயா இருந்துச்சு?"

காதருக்குப் பெருமை தாங்கவில்லை. "இருந்துச்சுக்கா. கஞ்சி போட்டும் போகல. 'ணிங்'னு ஒண்ணு, கொஞ்சம் தள்ளி 'ணிங் ணிங்'னு இன்னொண்ணு. கீறல் மாதிரியும் இல்ல, என்ன எழவுன்னு தெரியல. நான் விடுவனா? திருகுல அமுக்கிட்டேன். தெரியுதா பாருங்க?"

அக்காவிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், ஆணிக் கடையில் இருந்த அத்தா எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே வந்து காதரின் விரல் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"அதைத்தான் சாமி நான் இத்தனை வருசமாத் தேடறேன். அது என்னோட வளையலு."

எனக்கு அப்போதுதான் சொம்பு ஞாபகம் வந்தது. காதரிடம் சொன்னேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். முன்கூட்டியே சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று அக்காவைப் பார்த்துக் கத்தினான்.

"சொல்லிட்டா, நான் சொன்னதுனால உனக்குக் கேட்டுச்சும்பாங்க. ஆலையில எவனுக்காச்சும் எங்க இருக்குதுன்னு காட்டிக் குடுத்திருக்கறனா? நீயே பாத்துச் சொல்லோணும். சொன்னியல்ல" என்றார். பிறகு லாரியைப் பார்த்து, "ஏனுங்க, எறங்கி வந்து கேளுங்க" என்றார். காதர் தட்டை மறுபடி வைத்துப் புதிதாகக் கேசட்டில் ஏற்றினான். இம்முறை திருகில் கை வைக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் கட்டிக்கொண்டான்.

வரி வந்தது. ணிங். கொஞ்சம் தள்ளி, ணிங் ணிங்.

வீட்டுக்காரர் இரண்டு தரம் கேட்டார். முதன்முறையாக யாரும் எதுவும் சொல்லாமலேயே "ஆமாங்க்" என்றார்.

மலையடிவார மண்டபத்தில் குழு உட்கார்ந்தது. அக்கா எதுவும் பேசவில்லை. காதரிடம், நீயும் பேசாதே, பாட்டு மட்டும் ஓடட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நங்கையா பட்டுச்சேலையில் வந்திருந்தார். கேசட் ஆரம்பிக்கும் முன்னால் தலைவரிடம் வழக்கம்போல் சொம்புக் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னார். அக்கா ஒரு வார்த்தை குறுக்கே விடவில்லை. எத்தனை அழகாகக் கேட்டுக்கொண்டிருந்தார் தெரியுமா, முதல்முறை கேட்கிற மாதிரி.

காதர் பொத்தானை அழுத்தினான்.

அந்த வரி மண்டபத்தில் நிறைந்தது. ணிங் என்றது. ணிங் ணிங் என்றது. தலைவர் நெற்றியைச் சுருக்கி, "அதென்னப்பா சத்தம்? வளையலாட்ட கேக்குது" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு சின்னச் சலசலப்பு எழுந்து, எல்லாக் கண்ணும் நங்கையா மேல் போய் நின்றது. கதையைச் சொல்லி வாயைக்கூட அவர் இன்னும் மூடவில்லை.

நங்கையா மறுபடி போடச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் எழுந்து அக்காவிடம் வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"அன்னைக்கே கழட்டுன்னு சொன்னேன். கேட்டியா நீயி?" என்றார். திட்டுகிற குரல்தான். ஆனால் கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது. மண்டபமே சிரித்தது.

கும்பாபிஷேகத்தன்று அக்கா மாலையும் பட்டுமாக நின்ற நிலை இருக்கிறதே, தேர் வந்து நின்ற மாதிரி. ஆலைக்குள் கண்ணாடி வளையல் கூடாது என்பது அவர் சட்டம். மாவில் உடைந்து விழும் என்று வேலைக்கு வருகிற பெண்கள் வாசலில் ஒரு சொம்பில் கழட்டிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அதனால் அவர் கையில் வளையலையே நாங்கள் பார்த்ததில்லை. அன்று முழங்கை வரை அடுக்கியிருந்தார். பட்டு வாங்கியதும் ஒலிபெருக்கியில் பாடச் சொன்னார்கள். அக்கா நங்கையாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "வரி என்னோடது. கும்மிய ஒத்தையா எப்படி அடிக்கறது?" இரண்டு பேரும் அடித்த கும்மியில் மலை அதிர்ந்தது.

அதற்கப்புறம் காதர் கடையில் அந்தக் கேசட் நன்றாகவே ஓடியது. ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்து திருப்பிக் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். கடைசிச் சரணத்தில் ஏதோ 'ணிங் ணிங்' என்று இரைச்சல் வருகிறது, மாற்றிக் கொடுங்கள் என்றார். காதர் வாயைத் திறப்பதற்குள், ஸ்டூலில் உட்கார்ந்து டீயை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். வளையல் கையைத் தூக்கி அந்த மனிதரின் காதருகே கொண்டுபோய் ஒரு உதறு உதறினார்.

"இதுங்களா?"

அவர் முழித்தார். "ஆமா. இதேதான்."

"அது கருப்பு இல்லீங்க" என்றார் அக்கா. "அது நானுங்க."